மறு அறிவித்தல் வரை

“மறு அறிவித்தல் வரை அனைத்துப் பாடசாலைகளும் மூடப்படும்.”

என் வயதில் இருக்கும் யாரிடமும் இந்த வசனத்தைப் பாதியில் நிறுத்திப் பாருங்கள். மீதியை அவரே சொல்லி முடிப்பார். வானொலிச் செய்தியிலும், தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்துகளிலும், வகுப்பு வட்ஸ்அப் குழுவிலும் அத்தனை தடவை அதைக் கேட்டும் வாசித்தும் வளர்ந்தவர்கள் நாங்கள்.

மூடும் நாளைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். தவறிய பாடங்களையும் தள்ளிப்போன பரீட்சைகளையும் பெரியவர்கள் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது திறக்கும் நாளைப் பற்றி. மறு அறிவித்தல் எப்படியும் ஒரு நாள் வந்துவிடும். வாயிற்கதவு திறக்கும், மணி அடிக்கும். அந்த மணிச் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பி வருகிறார்களா?

முதலில் எங்கள் வகுப்பின் கணக்கைச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்தபோது நாங்கள் தரம் 7. விடுமுறை முடிந்து தொடங்க வேண்டிய இரண்டாம் தவணை தள்ளிப்போனது. மே மாதம் பாடசாலை திறந்தபோது வாயிலில் புத்தகப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். பெற்றோர் முறை வைத்துக் காவல் நின்றார்கள். அந்த நாட்களில் பர்தாவோடு வீதியில் நடப்பதே பயமாக இருந்தது என்பது இங்கே படிக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வருடம் தரம் 8. 2020 மார்ச் 12ஆம் திகதி மாலை கொரோனா காரணமாகப் பாடசாலைகளை மூடுவதாகச் செய்தி வந்தது. ஐந்து வார விடுமுறை என்றுதான் முதலில் நினைத்தோம். அது திறந்தும் மூடியும், மீண்டும் திறந்தும் மூடியும், தரம் 9 முடியும் வரை இழுத்துக்கொண்டு போனது. தரம் 10இல் எரிபொருள் இல்லாமல் மூடினார்கள். ஆக, இடைநிலை வகுப்புகள் என்று சொல்லப்படும் காலத்தில் ஒரு வருடமாவது முழு வருடமாகப் பாடசாலைக்குப் போன ஞாபகம் எங்களுக்கு இல்லை.

இதில் எங்களுக்கு மட்டும் நடந்தது என்று ஒன்றுமில்லை. 2020இல் உலகம் முழுவதும் 190க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் பாடசாலை இல்லாமல் வீட்டில் இருந்தார்கள். ஆனால், 160 கோடி என்பது செய்தியில் வரும் எண். வீட்டில் அது எப்படி இருந்தது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு வேறு.

எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு ஸ்மார்ட் போன் இருந்தது. அது வாப்பாவுடையது. வாப்பா தையற்காரர், பஸாரில் ஒரு சிறிய கடை. ஊரடங்குச் சட்டம் இருந்த வாரங்களில் கடையும் மூடி, வாப்பாவும் வீட்டில், போனும் வீட்டில். அப்போது படிப்புக்குக் குறைவில்லை, வருமானம்தான் இல்லை. ஊரடங்கு தளர்ந்து கடை திறந்ததும் போன் வாப்பாவோடு கடைக்குப் போகத் தொடங்கியது. வாடிக்கையாளர்கள் அந்த இலக்கத்துக்குத்தான் பேசுவார்கள். வருமானம் வந்தது, பாடம் போனது.

தம்பிக்கு அந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. தங்கச்சி தரம் 2. இஷாத் தொழுகைக்குப் பிறகு போன் வீட்டுக்கு வரும். முதல் முறை தம்பிக்கு, அடுத்தது தங்கச்சிக்கு, கடைசியில் எனக்கு. கணித டீச்சர் காலை எட்டு மணிக்கு அனுப்பிய குரல் பதிவை நான் இரவு பத்தரை மணிக்குக் கேட்பேன். விளங்காவிட்டால் அந்த நேரத்தில் யாரிடம் கேட்பது? படமெடுத்து அனுப்பிய குறிப்புகளை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கொப்பியில் எழுதுவேன். நடுவில் டேட்டா முடிந்துவிட்டால் அடுத்த ரீலோட் வரைக்கும் அந்தப் பாடம் அந்த இடத்தில் நிற்கும். எங்கள் வகுப்பில் அந்த ஒரு போனும் இல்லாத வீடுகள் இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு வட்ஸ்அப் குழு என்று ஒன்று இருந்ததே பாடசாலை திறந்த பிறகுதான் தெரியவந்தது.

ஒன்றும் செய்யப்படவில்லை என்று நான் சொல்லவில்லை. நேத்ரா தொலைக்காட்சியில் ‘குரு கெதர’ என்ற பெயரில் தமிழ்மொழிப் பாடங்கள் ஒளிபரப்பாகின. கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ இணையத்தளத்தில் பாடநூல்களும் பயிற்சிகளும் இருந்தன. பாடத்தை வீட்டுக்கு அனுப்பும் யோசனையும் புதியதல்ல. 1937இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் போலியோ நோய் பரவிப் பாடசாலைகள் திறக்க முடியாமல் போனபோது, வானொலி நிலையங்கள் பிள்ளைகளுக்குப் பாடங்களை ஒலிபரப்பின. குரு கெதர என்றால் சிங்களத்தில் குருவின் வீடு. முற்காலத்தில் மாணவர்கள் குருவின் வீட்டைத் தேடிப் போனார்கள். எங்கள் காலத்தில் குரு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த குருவுக்கு முன்னால் உட்கார வீட்டிலே நேரமும் இடமும் இருந்ததா என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் பெண் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். என் உம்மா என் படிப்பில் அக்கறை உள்ளவர். அதிகாலையில் எழுப்பிவிட்டுத் தேநீர் ஊற்றித் தருபவர். ஆனாலும் ஒரு மகள் வீட்டில் நின்றால் அவள் வீட்டில் நிற்கும் மகள்தான். தேங்காய் திருவ வேண்டும், தங்கச்சியைக் குளிப்பாட்ட வேண்டும், மூத்தம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். வாசலுக்கு ஆள் வந்தால் யாரென்று பார்க்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலை. எதையும் கொடுமை என்று சொல்ல முடியாது. ஆனால், ஒரு காலைப் பொழுதில் பத்து ஐந்து நிமிடங்கள் போனால் ஒரு பாடவேளை முழுதாகப் போய்விடும். பாடசாலையில் இருக்கும்போது காலை ஏழரை முதல் பகல் ஒன்றரை வரை எங்களை யாரும் குசினிக்குக் கூப்பிட முடியாது. பாடசாலை எங்களுக்குத் தரும் பெரிய கொடைகளில் ஒன்று அந்த ஆறு மணித்தியாலம். மூடப்பட்ட பிறகுதான் அதன் பெறுமதி விளங்கியது.

உம்மாவுக்கும் இது ஒரு கட்டத்தில் விளங்கியது. நான் எதையும் கேட்கவில்லை. ஒரு நாள் உம்மாவே வாப்பாவிடம், “கடைக்கிப் பத்து மணிக்கிப் போன் போனாக் காணாதா? அதுக்கு முந்தி புள்ளைகள் பாக்கட்டும்” என்றார். வாப்பா ஒரு பழைய பட்டன் போனைத் திருத்தி எடுத்து, பத்து மணி வரை அதையே கடையில் வைத்துக்கொண்டார். ஸுபஹ் தொழுகை முதல் எட்டு மணி வரை என்னை எந்த வேலைக்கும் கூப்பிடுவதில்லை என்று உம்மா சொன்னார். வாப்பா துணி வெட்டும் பழைய மேசை ஒன்று பின் அறையில் கிடந்தது. அது என் மேசையானது. இவ்வளவுதான் எங்கள் வீட்டின் இணையவழிக் கல்விச் சீர்திருத்தம். ஒரு சதம் செலவில்லை. ஆனால், நான் இன்று உயர்தர வகுப்பில் இருப்பதற்கு அந்த மேசையும் ஒரு காரணம்.

2021இல் நிலைமை இன்னும் இறுகியது. ஏப்ரல் கடைசியில் மூடிய பாடசாலைகள் நீண்ட காலம் திறக்கவில்லை. ஜூலையில் ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கும்படி கேட்டு இணையவழிக் கற்பித்தலிலிருந்தும் விலகினார்கள். எந்தப் பக்கம் நியாயம் என்று சொல்ல எனக்கு வயதோ அறிவோ போதாது. தங்கள் சொந்தக் காசில் டேட்டா போட்டு எங்களுக்குக் கற்பித்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ஆனால், அந்த மாதங்களில் எங்கள் வட்ஸ்அப் குழு அமைதியாகிவிட்டது. ஜும்ஆ முபாரக் வாழ்த்துகள் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் வந்து விழுந்தன.

அந்த வருடக் கடைசியில் பாடசாலைகள் கட்டம் கட்டமாகத் திறந்தன. சிறிய வகுப்புகளும் பெரிய வகுப்புகளும் முதலில் போக, எங்கள் முறை நவம்பரில் வந்தது.

பாடசாலை திறக்கப்போகிறது என்ற செய்தி வந்த உடனே எங்கள் வீட்டுக்கு ஒரு கூட்டம் வரத் தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகளின் சீருடைகளை உம்மாதான் வீட்டில் தைத்துக் கொடுப்பார். இத்தனை மாதத்தில் எல்லோரும் வளர்ந்துவிட்டார்கள். சட்டைகள் கட்டையாகிவிட்டன. கீழ் மடிப்பை அவிழ்த்து நீட்டித் தரும்படி பையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். சிலருக்கு மடிப்பை அவிழ்த்தும் போதவில்லை. உம்மா கீழே ஒரு துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார். அந்தத் துண்டு மட்டும் புது வெள்ளையாகத் தெரியும். எங்கள் வகுப்பில் அந்தத் தவணை அப்படி இரண்டு வெள்ளைகளில் உடுத்தவர்கள் பலர்.

பாடசாலை தொடங்கி ஒரு வாரம் ஆனபோது உம்மா தையல் மெசினில் இருந்தபடியே என்னிடம் கேட்டார்: “அந்தப் புள்ளட சட்டை இன்னும் வரல்லியே மகள். அது இஸ்கூலுக்கு வாறல்லியா?”

உம்மா கேட்டது தரம் 6 முதல் என் பக்கத்தில் இருந்த தோழியை. அவளுடைய கதையை எழுத அவள் சம்மதித்தாள். பெயர் வேண்டாம் என்றாள். ஆகவே தோழி என்றே எழுதுகிறேன். உம்மா கேட்ட அன்று வரை அவள் பாடசாலைக்கு வரவில்லை. அவளுடைய வாப்பா கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். கொரோனாக் காலத்தில் மீன் விற்க முடியாமல் கடன் ஏறிவிட்டது. அந்த வருட நடுவில் அவளுடைய உம்மா வீட்டு வேலைக்காக வெளிநாடு போய்விட்டார். வீட்டில் இரண்டு சின்னத் தம்பிமார். இளையவனுக்கு மூன்று வயதுகூட இல்லை. சமையல், துணி, பிள்ளைகள் எல்லாம் பதின்மூன்று வயதான அவளுடைய கையில். பாடசாலை மூடியிருந்ததால் இது யாருக்கும் பிழையாகத் தெரியவில்லை. பாடசாலை இல்லைதானே, பிள்ளை வீட்டைப் பார்க்கட்டும் என்று ஆனது. பிறகு பாடசாலை திறந்தது. ஆனால், அதற்குள் வீடு அவளை நம்பி நின்று பழகிவிட்டது.

இதை உம்மா வாப்பாவிடம் சொன்னார். வாப்பா ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, அதுவரை எனக்குத் தெரியாத ஒரு விடயத்தைச் சொன்னார்.

வாப்பா ஏழாம் ஆண்டோடு படிப்பை விட்டவர் என்பது எனக்குத் தெரியும். ஏன் விட்டார் என்று தெரியாது. வறுமை என்று நானாகவே நினைத்திருந்தேன். வாப்பா ஏழாம் ஆண்டு படித்தது 1990இல். அந்த வருட நடுவில் கிழக்கில் மீண்டும் யுத்தம் தொடங்கியது. ஆகஸ்டில் காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கரையோர முஸ்லிம் ஊர்கள் எல்லாம் இரவில் விழித்திருந்த காலம் அது. வாப்பாவின் பாடசாலையும் மூடப்பட்டது. அப்போது மூத்தாப்பா அவரை ஒரு தையற்கடையில் கொண்டுபோய் விட்டார். சும்மா வீட்டில் இருக்காமல் பாடசாலை திறக்கும் வரை தொழில் பழகட்டும் என்று. பாடசாலை திறந்தது. வாப்பா போகவில்லை.

“யாரும் போகாத எண்டு செல்லல்ல” என்றார் வாப்பா. “இஸ்கூல் தொறந்து மொத நாள் போகாட்டி ரெண்டாம் நாள் போக வெக்கமா இரிக்கும். ஒரு கெழம போகாட்டி, போற புள்ளைகளக் கண்டா ஒளிய மனம் வரும். ஒரு மாசம் போகாட்டி, எனக்குப் படிப்பு ஏறாது எண்டு நாமளே செல்லத் தொடங்கிருவம். எனக்கு அப்பிடித்தான் ஆன.”

வாப்பாவின் பாடசாலை சில கிழமைகள்தான் மூடியிருந்தது. வாப்பாவுக்கு அது இன்று வரை திறக்கவில்லை.

அடுத்த நாள் இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் முன்றலில் வாப்பா அந்தத் தோழியின் வாப்பாவைச் சந்தித்துப் பேசினார். அவர் கெட்டவர் இல்லை; களைத்துப்போனவர். இரவு கடலுக்குப் போனால் காலை ஒன்பது, பத்து மணிக்குத்தான் கரைக்கு வருவார். சின்னவனை யாரிடம் விடுவது என்பதுதான் அவருடைய முழுப் பிரச்சினையும். அது தீராத பிரச்சினையா? திங்களும் செவ்வாயும் சின்னவன் எங்கள் வீட்டில், மற்ற நாட்களில் தோழியின் மாமி வீட்டில் என்று முடிவானது. அவளுடைய சட்டையை அன்றிரவே உம்மா நீட்டித் தைத்தார். கூலி வாங்கவில்லை.

மூன்றாவது வாரம் அவள் வந்தாள். வகுப்பாசிரியை “ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?” என்று கேட்கவே இல்லை. இடாப்பைத் திறந்து பெயரைக் கூப்பிட்டு, “வந்துட்டீங்களா, நல்லம்” என்று மட்டும் சொன்னார். பாடசாலை விட்டு நடந்து போகும்போது தோழி சொன்னாள்: “டீச்சர் கேள்வி கேட்டிருந்தா நான் நாளைக்கி வந்திருக்க மாட்டன்.” வாப்பா சொன்ன வெட்கத்தின் பலம் எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது.

அந்த வருடம் எங்கள் வகுப்பு இடாப்பில் வேறு இருவருடைய பெயருக்கு நேரே வரவுக் குறி விழவே இல்லை. புது வருட இடாப்பில் அந்தப் பெயர்கள் எழுதப்படவில்லை. ஒருத்திக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. மற்றவள் துணிக்கடை ஒன்றில் நிற்கிறாள். பெருநாளைக்குச் சட்டை எடுக்கப் போனால் கண்டு சிரிப்பாள். நம் நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம். பல்கலைக்கழகம் வரை இலவசம். எந்தச் சட்டமும் அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை. மூடியிருந்த காலத்தில் அவர்கள் மெதுவாக வெளியே நகர்ந்துவிட்டார்கள், திறந்தபோது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடக்கும் விடயமும் அல்ல. 2014இல் எபோலா நோய் பரவியபோது மேற்கு ஆபிரிக்காவின் சியரா லியோன் நாட்டில் பாடசாலைகள் மூடப்பட்டன. அங்கேயும் வானொலியில் பாடம் நடந்தது. 2015 ஏப்ரலில் பாடசாலைகள் திறந்தபோது பல சிறுமிகள் திரும்பி வரவில்லை. வீட்டுப் பொறுப்பும் வறுமையும் இள வயதுத் திருமணமும் அவர்களைப் பிடித்துவைத்துக்கொண்டன. நம்மிலிருந்து எவ்வளவோ தூரத்தில் இருக்கும் நாடு, ஆனால் காரணங்கள் எங்கள் ஒழுங்கையில் கேட்டவையே.

2022இல் மீண்டும் மூடினார்கள். இம்முறை நோய் இல்லை. நாட்டில் பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, மின்சாரம் இல்லை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. ஜூன், ஜூலையில் ஆசிரியர்கள் பாடசாலைக்கு வர வாகனம் ஓடவில்லை. ஜூலை 25இல் திறந்தபோதும் முதலில் கிழமையில் மூன்று நாட்கள்தான். மற்ற இரு நாட்களும் வீட்டிலிருந்து கற்க வேண்டும் என்றார்கள். கரண்ட் இல்லாத வீட்டில் சார்ஜ் இல்லாத போனை வைத்துக்கொண்டு என்ன கற்பது?

அப்போது வழி கண்டுபிடித்தது அந்தத் தோழிதான். எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கையிலும் ஒரே வகுப்பில் ஐந்து பேர் இருந்தோம். உம்மா மிச்சத் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தார். நல்ல போனும் டேட்டாவும் கிடைக்கும் ஒருத்தி அன்றைய பாடத்தைக் கொப்பியில் எழுதிப் பைக்குள் வைப்பாள். பின்னேரம் அஸருக்குப் பிறகு பை அடுத்த வீட்டுக் கடப்படிக்குப் போகும். அடுத்தவள் பார்த்து எழுதிவிட்டு, விளங்காத இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு அனுப்புவாள். தெரிந்தவள் பக்கத்தில் பதில் எழுதுவாள். பை ஐந்து வீடும் சுற்றித் திரும்பும்போது கொப்பியில் பாடமும் இருக்கும், கேள்வியும் இருக்கும், பதிலும் இருக்கும். சில நாட்களில் யாராவது ஒரு பிடி கச்சானும் போட்டு அனுப்பியிருப்பார்கள். அந்தப் பைக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. அதைவிட முக்கியமானது, பை ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்கினால் அங்கே ஏதோ கஷ்டம் என்று மற்ற நால்வருக்கும் தெரிந்துவிடும். யாராவது போய்ப் பார்ப்போம். திறந்த நாளில் ஐந்து பேரும் ஒன்றாக நடந்து போனோம்.

2024 மே மாதம் சாதாரண தரப் பரீட்சை எழுதினோம். அல்ஹம்துலில்லாஹ், ஐந்து பேரும் சித்தியடைந்தோம். தோழி இப்போது வர்த்தகப் பிரிவில் படிக்கிறாள். கணக்கியலில் என்னை மிஞ்சியவள் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் நான் கலைப்பிரிவு. ஆனால், அவளுடைய டீச்சர் அப்படித்தான் சொல்கிறார்.

அதே வருடம் நவம்பரில் வெள்ளம். எங்களுக்கு அப்போது உயர்தரப் பரீட்சைக்கான விடுமுறை. அடுத்த வீட்டு ராத்தா பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். வீதியெல்லாம் தண்ணீர் ஏறி, நாடு முழுவதும் பரீட்சை சில நாட்கள் நிறுத்தப்பட்டது. புத்தகங்களைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு, தண்ணீருக்குள் கதிரை போட்டுக்கொண்டு ராத்தா படித்ததைப் பார்த்தேன். நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில், விடுமுறை கிடைத்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. அந்தப் பிள்ளைகளை நினைத்து எங்கள் கரையோரம் முழுவதும் அழுதது. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. சில வேளைகளில் மூடுவது அவசியம்; உயிர் இருந்தால்தான் படிப்பு. அதை மறுப்பதற்கு நான் இதை எழுதவில்லை. வெள்ளமும் நோயும் இனியும் வரும், பாடசாலைகள் இனியும் மூடும். அதனால்தான் சில விடயங்களை இப்போதே பேசி வைக்க விரும்புகிறேன்.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் உம்மாமார்களிடமும் வாப்பாமார்களிடமும் மகளின் இடத்திலிருந்து மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: பாடசாலை மூடும் அன்றே உங்கள் மகளுக்கு ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் ஒதுக்கிக் கொடுங்கள். இரண்டு மணித்தியாலம் போதும். அந்த இரண்டு மணித்தியாலத்தில் அவளை எந்த வேலைக்கும் கூப்பிடாதீர்கள். வீட்டில் ஒரே போன் என்றால் முறையை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மகனுக்கும் மகளுக்கும் அந்த முறை ஒன்றாக இருக்கட்டும்.

இரண்டு: வீட்டு வேலை செய்வதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால், பாடசாலை மூடியிருக்கும்போது மகளின் தோளில் வைக்கும் பொறுப்பு எதுவானாலும், திறக்கும் நாளில் அதை யார் வாங்கிக்கொள்வார் என்பதை முதலிலேயே முடிவு செய்து வையுங்கள். தோழியின் வீட்டில் தேவைப்பட்டது காசல்ல. காலை நேரத்தில் ஒரு சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.

மூன்று: திறக்கும் முதல் நாளே அனுப்புங்கள். சட்டை கட்டையாக இருந்தாலும், சப்பாத்து இல்லாமல் செருப்பென்றாலும், ஒரு கொப்பியும் முடிக்காமல் இருந்தாலும் அனுப்புங்கள். எல்லாம் சரி செய்துகொண்டு அடுத்த கிழமை அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு கிழமையில் என்ன நடக்கும் என்பதை என் வாப்பா முப்பது வருடங்களுக்கு மேலாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

என் தங்கச்சிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விடுபட்ட பாடத்தை நினைத்து வெட்கப்பட வேண்டாம். மூடியது நீங்கள் அல்ல. கொப்பி வெறுமையாக இருந்தால் பக்கத்தில் இருப்பவளிடம் கேளுங்கள். நீங்கள் பக்கத்தில் இருப்பவளாக இருந்தால், அவள் கேட்கும் வரை காத்திருக்காமல் கொப்பியை நீட்டுங்கள்.

அடுத்த தடவை மறு அறிவித்தல் வரும் காலையில் நீங்கள் பாடசாலைக்குப் புறப்படும்போது, நேரே வாயிலுக்குப் போய்விடாதீர்கள். வழியில் இருக்கும் வகுப்புத் தோழியின் கடப்படியில் ஒரு நிமிடம் நின்று அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால், பின்னேரம் உங்கள் உம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.